கண்ணாடியில மோதி விழுந்த பல வண்ணக் குருவி: இது எது, என்ன செய்யணும்?

தோப்புக்காரி | அக்டோபர் 14, காலை 7.05

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கமிருந்து எழுதறேன். கொஞ்சம் அவசரம். கால் மணி நேரம் முன்னாடி புது ரூம் ஜன்னல் கண்ணாடியில டொப்புனு சத்தம். போய்ப் பார்த்தா திண்ணையில ஒரு குருவி மல்லாந்து கெடக்குது. மைனாவைவிடச் சின்னது, உருண்டையா இருக்குது, வாலை வெட்டி எடுத்துட்ட மாதிரி. முதுகு பச்சை, தோள்ல மின்னற நீலம், நெஞ்சு சந்தன மஞ்சள், அடிவயித்துல குங்குமம் கொட்டின மாதிரி சிவப்பு. தொண்டை வெள்ளை. கண்ணை மறைச்சு கறுப்புப் பட்டை. மூச்சு இருக்குது. வாயைத் தொறந்து தொறந்து மூடுது. அம்மா சங்குல தண்ணி ஊத்தலாமான்னு நிக்கறாங்க. என்ன பண்றதுங்க?

ஆரியங்காவு_கணவாய் | காலை 7.09

தண்ணி ஊத்திராதீங்க அக்கா, மூச்சுக்குழலுக்குள்ள போயிரும். செருப்பு வாங்குன அட்டைப்பெட்டி இருக்கா? அடியில பழைய பருத்தித்துணி விரிச்சு, மூடியில நாலு ஓட்டை போட்டு, உள்ள வச்சு மூடுங்க. இருட்டா, சத்தமில்லாத இடமா, பூனை வராத இடமா இருக்கணும். அரிசி, புழு ஒண்ணும் வேண்டாம். பத்து நிமிசத்துக்கு ஒருக்க தொறந்து போட்டோ எடுக்காதீங்க, நம்மாளுக பண்ணுத பெரிய தப்பு அதுதான். ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல உள்ள குதிக்கிற சத்தம் கேட்டா தோப்பு நெழல்ல தரையில வச்சுத் தொறங்க. மேல தூக்கி எறியக் கூடாது. றெக்கை தொங்குச்சுன்னா வனத்துறைக்குச் சொல்லிருங்க.

ஆளு யாருன்னா, ஆறுமணிக்குருவி.

வாளையார்_லாரி | காலை 7.31

மீன்கொத்தி இல்லீங்களா அது? நீலம், வெள்ளைத் தொண்டை எல்லாம் ஒத்துப்போகுது.

ஆரியங்காவு_கணவாய் | காலை 7.40

வெண்மார்பு மீன்கொத்திக்கு அலகு நீளமா, சிவப்பா, கத்தி மாதிரி இருக்கும்லா அண்ணாச்சி. தலை சாக்லேட் கலரு. இதுக்குத் தலையில சந்தனக் கலரு, நடு உச்சியில ஒரு கறுப்பு வகிடு.

தோப்புக்காரி | காலை 10.40

போயிருச்சு!! ஒம்பதரைக்குப் பெட்டிக்குள்ள தடதடன்னு சத்தம். கெணத்துக்குப் பின்னால பலாமரத்தடியில வச்சுத் தொறந்தேன். உடனே பறக்கலை. வெளிய குதிச்சு அப்படியே நின்னுது. இல்லாத வாலை மெதுவா மேலயும் கீழயும் ஆட்டுச்சு. அப்புறம் ஒரு சருகைப் புரட்டிப் போட்டுப் பார்த்துட்டு, ரெண்டு குதி குதிச்சு, விர்ருனு போயிருச்சு. பறக்கறப்ப றெக்கையில வெள்ளை வட்டம் தெரிஞ்சுது. கையெல்லாம் நடுங்குதுங்க எனக்கு. தம்பிக்கு ரொம்ப நன்றி.

நாப்பது வருசமா இதே தோப்புல இருக்கறோம், இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்லை. எங்கிருந்து வந்துது இது?

சித்தூர் வாத்தியார் | அக்டோபர் 14, இரவு 8.20

அம்மா, நாற்பது ஆண்டுகளாக நீங்கள் பார்க்கவில்லை என்பதை நம்புகிறேன். கேட்டதே இல்லை என்றால் நம்ப மாட்டேன்.

சித்தூர் தாலுக்காவில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் செத்துக்காரர் வரும் நேரம் தெரியும். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கள் இறக்குபவரை இங்கே மலையாளத்தோடு சேர்ந்து நாமும் அப்படித்தான் சொல்கிறோம். அவர் விடியலில் ஒரு முறை, பொழுது சாயும்போது ஒரு முறை மரம் ஏறுவார். அதே இரண்டு நேரத்தில்தான் இந்தக் குருவியும் குரல் கொடுக்கும். இரண்டே சுரம், கூர்மையான சீழ்க்கை. 'வீஈ...ட்-ட்யூ' என்று முதல் சுரம் ஏறி, இரண்டாவது சட்டென்று இறங்கும். தலையைப் பின்னால் சாய்த்து, அலகை வானத்துக்குக் காட்டிக் கொண்டு கூவும். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை. செத்துக்காரர் யாரையோ சீட்டியடித்துக் கூப்பிடுகிறார் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். சிறு வயதில் நான் அப்படித்தான் நினைத்தேன்.

தமிழில் இதற்குப் பெயர் பல. ஆறுமணிக்குருவி என்பது பரவலானது. பொன்னுத்தொட்டான் என்பார்கள், தோட்டக்கள்ளன் என்றும் சொல்வதுண்டு. எனக்குக் கடைசிப் பெயர்தான் பிடிக்கும்: தோட்டத்துக்குள்ளேயே இருக்கும், கண்ணில் படாது. மலையாளத்தில் 'காவி'. இந்திக்காரர்கள் 'நவ்ரங்', ஒன்பது நிறம் என்கிறார்கள். நான் எண்ணிப் பார்த்ததில் எட்டோடு நின்றுவிட்டது.

எங்கிருந்து வந்தது என்று கேட்டீர்கள். இமயத்தின் அடிவாரக் காடுகளிலோ மத்திய இந்தியக் காடுகளிலோ பிறந்திருக்கும். மேற்கே பாகிஸ்தானின் வடபகுதியிலிருந்து கிழக்கே நேபாளம், சிக்கிம் வரை அடிவாரத்தில் கூடு வைக்கிறது. தெற்கே வந்தால் மத்திய இந்தியா, மேற்குத் தொடர்ச்சி மலையில் கர்நாடகம் வரை. மழை தொடங்கியதும் கூடு கட்டும். மழை முடிந்ததும் தெற்கே கிளம்பி நம் பக்கத்துக்கும் இலங்கைக்கும் வந்துவிடும். பயணம் இரவில். எடை 47 முதல் 66 கிராம், ஏறக்குறைய ஒரு கோழிமுட்டை. அந்த எடையைச் சுமந்துகொண்டு இத்தனை தூரம் பறந்து வந்தால் விடியற்காலையில் வீட்டுச் சுவரோரம், திண்ணை, குளியலறை என்று எங்கே வேண்டுமானாலும் களைத்து விழும். உங்கள் வீட்டுக் கண்ணாடியில் தென்னந்தோப்பு தெரிந்திருக்கும். அது தோப்புக்குள் போவதாக நினைத்து வந்திருக்கிறது.

தோப்புக்காரி | அக்டோபர் 14, இரவு 8.48

ஐயா!! அந்தச் சீட்டியா? 'பீட்-ட்யூ'ன்னு? அது எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்ங்க. விளக்கு வெக்கற நேரமாச்சுன்னு அம்மா எந்திரிக்கறதே அந்தச் சத்தத்துலதான். அதுவா இது?

நகரி_நெசவு | அக்டோபர் 15, காலை 6.55

சித்தூர்னு பார்த்ததும் எங்க ஆந்திரா சித்தூர்னு நெனச்சு உள்ள வந்தேன். ஆனா உங்க சித்தூர் கேரளாவாம். பரவால்ல, வந்ததுக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். நான் நகரி. வீட்ல தமிழு, கடையில தெலுங்கு. இந்தப் பறவைக்கு உலகம் முழுக்க இருக்கற பேரே எங்க ஊர்ப் பேருதான். தெலுங்குல 'பிட்ட'ன்னா சின்னப் பறவை, குருவி. சிட்டுக்குருவியும் பிட்டதான், இதுவும் பிட்டதான். அந்தப் பொதுச்சொல்லை எடுத்து 1816ல வியேயோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இந்த இனத்துக்கே பேரா வெச்சுட்டார். மலேசியா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்காவுல இருக்கற இதோட சொந்தக்காரங்களுக்கும் 'பிட்டா'ன்னுதான் பேரு. எங்க பாட்டி 'ஏய் பிட்டா'ன்னு கோழிக்குஞ்சை விரட்டும்.

இந்தக் குருவியை மட்டும் குறிப்பாச் சொல்லணும்னா 'பொன்னங்கி பிட்ட'ம்பாங்க.

கேள்விக்குறி | அக்டோபர் 15, காலை 9.10

பொன் + அங்கி! தங்கச் சட்டை போட்ட குருவி. தமிழ்தானே இது?

சித்தூர் வாத்தியார் | அக்டோபர் 15, காலை 11.30

ஆசை யாரை விட்டது! அழகாகப் பிரிகிறது என்பதற்காகவே அது சரியான பிரிப்பு ஆகிவிடாது. 'பொன்னங்கி' எங்கிருந்து வந்தது என்று தெலுங்குச் சொல்லாராய்ச்சி தெரிந்தவர் சொல்லட்டும். ஆனால் சட்டை என்றதும் ஒரு கதை நினைவுக்கு வருகிறது. இலங்கையில் சொல்வார்கள்: மயில் போட்டிருக்கும் தோகை உடை உண்மையில் இந்தக் குருவியுடையதாம். மயில் எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தரவில்லை. அதனால் காலையும் மாலையும் இது முறையிடுகிறது.

பெயர் வைத்த கதையில் இன்னொரு வேடிக்கை. உயிர்களுக்கு அறிவியல் பெயர் வைத்த ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1766ல் இதைக் காக்கை இனத்தில் சேர்த்து, 'குட்டைவால் காக்கை' என்று பொருள்படும்படி கார்வஸ் பிராக்கியூரஸ் என்று பெயரிட்டார். இன்றைய பெயர் பிட்டா பிராக்கியூரா. காக்கை போய்விட்டது, குட்டைவால் மட்டும் தங்கிவிட்டது.

வாளையார்_லாரி | அக்டோபர் 15, பகல் 1.02

இத்தனை கலரை வெச்சுக்கிட்டு காக்காயா? அந்த ஆளு இதைப் பார்த்தாரா, இல்லை யாராவது கடுதாசி போட்டாங்களா?

கேள்விக்குறி | அக்டோபர் 16, இரவு 10.15

ஒரு சந்தேகம். எல்லாரும் பாடும் பறவைன்னு சொல்றோம். ஆனா வகைப்பாட்டுல இது பாடும் பறவையே இல்லைன்னு எங்கேயோ படிச்சேன். எது சரி?

சித்தூர் வாத்தியார் | அக்டோபர் 17, காலை 8.05

நல்ல கேள்வி. இரண்டும் சரி.

கிளையில் பிடித்து உட்காரும் கால் அமைப்புள்ள பறவைகள் எல்லாம் ஒரே பெரும் வரிசை. காக்கை, மைனா, சிட்டு, தேன்சிட்டு, இந்தக் குருவி எல்லாம் அதில் அடக்கம். அந்த வரிசை இரண்டு பெரிய கிளைகளாகப் பிரிகிறது. ஒன்றில் குரலை இயக்கும் தசைகள் நுணுக்கமாக அமைந்த பறவைகள்: கொண்டைக்குருவி, குண்டுகரிச்சான், ஏன், காக்கையும்கூட. அவை பெற்றோரையும் அக்கம்பக்கத்தையும் கேட்டுப் பாட்டைக் கற்றுக்கொள்பவை. உயிரியலார் கறாராகப் 'பாடும் பறவை' என்பது இவற்றைத்தான். இன்னொரு கிளையில் குரலமைப்பு எளிமையானது. பாட்டும் பெரும்பாலும் பிறவியிலேயே கூட வருவது. ஆறுமணிக்குருவி இந்த இரண்டாவது கிளை.

அந்தக் கிளையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு. பெரும்பாலானவை தென், மத்திய அமெரிக்காவில். இந்தியாவில் பிட்டாக்களும், வடகிழக்கில் இருக்கும் அகன்ற அலகுப் பறவைகளும்தான். தென்னிந்தியாவுக்கு என்று பார்த்தால் இது ஒன்றே ஒன்று. உங்கள் பலாமரத்தடியில் சருகு புரட்டிக்கொண்டிருப்பவருக்கு அமேசான் காட்டில் உறவுக்கூட்டம், பக்கத்து மரத்துக் குயில்பாட்டுக்காரர்களோடு தூரத்துச் சொந்தம்.

காக்கை பாடும் பறவை, இது இல்லை. வகைப்பாடு காதால் கேட்டு எழுதப்படுவதில்லை.

ஆரியங்காவு_கணவாய் | அக்டோபர் 17, காலை 9.22

வாத்தியாரே, குயில் இந்த வரிசையிலேயே வராதுல்லா? அது தனி வரிசை.

சித்தூர் வாத்தியார் | அக்டோபர் 17, காலை 9.40

மாட்டிக்கொண்டேன். 'குயில்பாட்டுக்காரர்' என்பதை வாய்வழக்காக எழுதினேன். குண்டுகரிச்சான் என்று வாசித்துக்கொள்ளுங்கள்.

தோப்புக்காரி | நவம்பர் 9, மாலை 6.30

நம்ம ஆளு இங்கயேதான் இருக்குது. அதே குருவிதானான்னு சத்தியம் பண்ண முடியாது, கால்ல வளையம் இல்லாம எப்படித் தெரியும். ஆனா கெணத்துக்குப் பின்னால தெனமும் சத்தம் வருது. ரெண்டு தடவை கண்ணாலயும் பார்த்தேன். கண்ணாடிக்கு வெளிப்பக்கமா முழுக்க சின்னச் சின்ன ஸ்டிக்கர் ஒட்டி வெச்சேன், தம்பி தனியாச் சொன்ன மாதிரி ரெண்டு அங்குல இடைவெளியில. ராத்திரி வாசல் லைட்டையும் அணைச்சிடறோம்.

இப்ப வேற பிரச்சனை. அப்பா. தோப்பைச் சுத்தமா வெச்சுக்கணும்னு அவருக்கு. பலா, மா, தேக்கு எல்லாத்துச் சருகையும் கூட்டி வாரம் ஒரு தடவை தீ வெச்சிருவார். சருகு கெடந்தா பாம்பு வரும்ங்கறார். அது தப்பும் இல்லை, போன வருசம் கண்ணாடிவிரியன் ஒண்ணு தேங்காய் குமிக்கற எடத்துலயே இருந்துச்சு. சருகு இல்லைன்னா இந்தக் குருவி என்ன சாப்பிடும்?

ஆரியங்காவு_கணவாய் | நவம்பர் 9, இரவு 9.15

அக்கா, அதுக்குச் சாப்பாட்டுத் தட்டே சருகுதான். மரத்துல பூச்சி பிடிக்காது, பழம் திங்காது. தரையில தத்தித் தத்திப் போயி, இலையைப் புரட்டி, மண்ணைக் கிண்டி, வண்டு, புழு, கரையான், மண்புழுன்னு எடுக்கும். நடக்காது, குதிக்கும். மேல பாத்தா பச்சை முதுகு நெழலோட கலந்திரும். சிவப்பு பூராவும் அடியில, தரையைப் பாத்து இருக்கு. அதனாலதான் இவ்வளவு கலர் இருந்தும் நம்ம கண்ணுல சிக்க மாட்டேங்குது. பயந்தா மட்டும் தாழ்ந்த கிளைக்கு ஏறும். ராத்திரி மரத்துலதான் தூங்கும்.

எங்க பக்கம் செங்கோட்டையைத் தாண்டி கணவாய்க்குள்ள நுழைஞ்சா காட்டோரம் பூராவும் ஈரச் சருகு. அங்க இது, செந்தலைப் பூங்குருவி ரெண்டும் ஒரே எடத்துல சருகு புரட்டும். பூங்குருவி வருசம் பூரா உள்ளூர்க்காரன், இவன் ஆறு மாசத்துக் குத்தகைக்காரன். கேரளத்துல கோயில் காவுகள்லயும், அதாவது கோயிலுக்குன்னு விட்டு வச்ச சின்னக் காடுகள்லயும் பாத்திருக்கேன். காவுக்குள்ள இலை எடுக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு, அதனால மூணு நாலு அங்குலம் சருகு கெடக்கும். காவுல இருக்கதால 'காவி'ன்னு பேரு வந்துச்சான்னு கேட்டா வாத்தியார் அடிக்க வருவாரு.

அப்பா சொல்லுதது நியாயம். வீட்டைச் சுத்தி, ஆள் நடக்குத எடம், தேங்காய் குமிக்க எடம் எல்லாம் கூட்டட்டும். கெணத்துக்குப் பின்னால ஒரு மூலையை மட்டும் விடச் சொல்லுங்க. தீ வைக்க வேண்டாம். அவ்வளவுதான் கேக்கணும்.

நகரி_நெசவு | நவம்பர் 10, காலை 7.20

எங்க பக்கம் சருகு இருக்கு, மாந்தோப்பு கொள்ளை கொள்ளையா இருக்கு. ஆனா எனக்குத்தான் காது இல்லை. காலைல ஆறுக்குத் தறி ஓட ஆரம்பிச்சா ராத்திரி வரை ஓடும். பவர்லூம் சத்தத்துல பக்கத்துல இருக்கறவன் பேசறதே கேக்காது. பத்து வருசத்துல இந்தக் குருவியைக் கேட்டதா ஞாபகமே இல்லை.

கேள்விக்குறி | டிசம்பர் 2, இரவு 8.00

எங்க தாத்தா ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே. அங்கே முள்ளுப்புதர்ல பந்து மாதிரி பெரிய கூடு, பக்கவாட்டுல வட்ட வாசல். இந்தக் குருவியோட கூடுன்னு தாத்தா காட்டியிருக்கார். அப்ப இங்கேயும் குஞ்சு பொரிக்குதுதானே?

சித்தூர் வாத்தியார் | டிசம்பர் 3, காலை 7.45

கூட்டின் வடிவம் பொருந்துகிறது. ஆறுமணிக்குருவியும் காய்ந்த இலை, புல் கொண்டு பந்து போலக் கட்டி, பக்கத்தில் வட்ட வாசல் வைக்கும். தரையில் அல்லது தாழ்ந்த கிளையில். நான்கைந்து முட்டை. பளபளக்கும் வெள்ளை, ஊதாவும் கருஞ்சிவப்புமாகப் புள்ளிகள். ஆனால் அதெல்லாம் ஜூனிலும் ஜூலையிலும், கர்நாடகத்திலும் அதற்கு வடக்கேயும். அந்த மாதங்களில் நம் தோப்பில் இதன் சத்தம் கேட்டதுண்டா? இல்லை. கேரளம் முழுவதும் 2015 முதல் 2020 வரை நடந்த பறவை வரைபடக் கணக்கெடுப்பை ஆண்டுக்கு இருமுறை, மழைக்காலத்தில் ஒன்று, வறண்ட காலத்தில் ஒன்று என நடத்தினார்கள்; இதுபோன்ற வருகையாளர்களைப் பிரித்துப் பார்க்க அது உதவும்.

உங்கள் தாத்தா காட்டியது செம்போத்துக் கூடாக இருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் முட்புதரில் பெரிய உருண்டையாக, பக்கவாட்டு வாசலோடு கட்டும்.

கேள்விக்குறி | டிசம்பர் 3, காலை 8.30

தாத்தா இப்ப இல்லை, இருந்திருந்தா உங்ககிட்டச் சண்டைக்கு வந்திருப்பார். ஆனா செம்போத்து அந்தப் புதர்ல நிறைய இருந்துச்சு என்பது உண்மை.

தோப்புக்காரி | ஜனவரி 11, மாலை 7.10

அப்பா சம்மதிச்சுட்டார். எப்படின்னு சொல்றேன். நேத்துச் சாயங்காலம் சும்மா கட்டில்ல உக்காந்து 'இன்னும் ஆறுமணியாகலை போல, இவன் கத்தலையே'ன்னார். நான் வாட்சைப் பார்த்தேன், 6.20. ஆறு தாண்டி ரொம்ப நேரம் ஆச்சு. அக்டோபர்ல ஆறேகாலுக்குள்ள கூவி முடிச்சது, இப்ப ஆறரையை ஒட்டித்தான் கூவுது. காலையிலயும் பொழுது பிந்தறதால அதுவும் பிந்துது. அதாவது அதுக்கு மணி தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். அப்பாவுக்கு இது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. 'செத்துக்காரனும் அப்படித்தான், வாட்சு பார்த்து மரம் ஏற மாட்டான்'னார். அதுக்கப்புறம் மூலையில தீ வெக்கலை. காரணம் அவர் சொல்லலை, நானும் கேக்கலை.

நகரி_நெசவு | ஜனவரி 12, காலை 7.00

அப்ப எங்க ஊர்ல பத்து நிமிசம் முந்தியே கூவணும். நாங்க உங்களுக்குக் கிழக்கே ஏறக்குறைய மூணு பாகை. ஒரு பாகைக்கு நாலு நிமிசம்.

வாளையார்_லாரி | ஜனவரி 12, காலை 8.15

நான் ராத்திரி வாளையார்ல நின்னா விடியற வரை செக்போஸ்ட் ஹாரன்தான். ஆறுமணிக்குருவி எல்லாம் தோப்பு வெச்சிருக்கறவங்களுக்கு.

ஆரியங்காவு_கணவாய் | பிப்ரவரி 6, இரவு 9.50

ஒரு வயித்தெரிச்சல். போன ஞாயித்துக்கெழமை ஒரு காவுக்குப் போனேன், ஊர்ப் பேரு சொல்ல மாட்டேன். கேமராவோட ஏழு பேரு. போன்ல கூவலைப் போட்டு ஸ்பீக்கர்ல மாட்டி ஒரு மணி நேரமா ஓட விடுதாங்க. ரெண்டு பேரு புழு தூவுதாங்க. பாவம், வேத்து ஆள் நம்ம எடத்துக்கு வந்துட்டான்னு அது தவிச்சுத் தவிச்சு வெளிய வருது. மழைக்காலத்துக்கு முன்ன வடக்க போறதுக்குக் கொழுப்புச் சேர்க்க வேண்டிய நேரம், ஒரு மணி நேரத் தீனி போச்சு. கேட்டதுக்கு 'சும்மா ரெண்டு நிமிசம் ப்ரோ'ங்கான்.

கேள்விக்குறி | பிப்ரவரி 6, இரவு 10.20

நான் ஒரு தடவை போட்டிருக்கேன். உண்மையைச் சொல்றேன். தட்டேக்காட்டுல, கூட வந்த வழிகாட்டி 'போடாதீங்க'ன்னு சொன்னதுக்கு அப்புறமும். குருவி வந்துச்சு, படமும் நல்லா வந்துச்சு. இப்ப அந்தப் படத்தைப் பார்த்தா அது நிக்கற விதமே சரியில்லைன்னு தோணுது.

சித்தூர் வாத்தியார் | பிப்ரவரி 7, காலை 6.58

சொன்னதற்கு மதிப்பு. தட்டேக்காடு என்றதால் ஒரு வரி: 1933ல் பறவையியலாளர் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தார். பெரியாற்றங்கரையில் இருக்கும் அந்த இடம் அவரை ஈர்த்தது. 1983ல்தான் அது சரணாலயமானது, வெறும் 25 சதுர கிலோமீட்டர். ஐம்பது ஆண்டு காத்திருந்து கிடைத்த இடத்தில் ஸ்பீக்கர் போடாதீர்கள்.

தோப்புக்காரி | ஏப்ரல் 15, மாலை 7.00

நாலு நாளாச் சத்தம் இல்லை. 11ந் தேதி காலையில கடைசியாக் கேட்டது. விளக்கு வெக்க அம்மா பத்து நிமிசம் லேட்டு. அப்பா கெணத்துக்குப் பின்னால போய்ப் பார்த்துட்டு வந்து ஒண்ணும் சொல்லாம உக்காந்துட்டார்.

நகரி_நெசவு | ஏப்ரல் 24, இரவு 8.40

அக்கா, இதைப் படிங்க. இன்னிக்கு சாயங்காலம் கரண்ட் போச்சு. ஊர்ல இருக்கற அத்தனை தறியும் ஒரே நேரத்துல நின்னுச்சு. வெளிய வந்து நின்னேன். மாந்தோப்புப் பக்கமிருந்து ரெண்டு சுரம். ஏறி, இறங்கி. நீங்க எழுதினது மாதிரியே. மூணு தடவை கேட்டேன்.

தோப்புக்காரி | ஏப்ரல் 24, இரவு 8.44

மணி என்ன இருக்கும் தம்பி?

நகரி_நெசவு | ஏப்ரல் 24, இரவு 8.46

6.31. அப்புறம் கரண்ட் வந்துருச்சு.